சீருல வந்த ரெண்டு டயர்

தாய்மாமன் சீருல டயர் வந்து பாத்திருக்கீங்களா? எங்க வூட்டு விசேஷத்துக்கு வந்துச்சு. ஒண்ணு இல்ல, ரெண்டு. மேளம் அடிச்சு, மஞ்சள் குங்குமம் வெச்சு, பித்தளைத் தாம்பாளத்துல வந்துச்சு. அதப் பாத்து சிரிச்சவங்க இன்னும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. சிரிக்கட்டும், எனக்கென்ன.

மொதல்ல வண்டியப் பத்திச் சொல்லிடறேன். நான் சித்தேரி மலை மேல ஆஸ்பத்திரியில நர்ஸு. புகுந்த வூடு அரூர் பக்கம். கல்யாணமான புதுசுல பஸ்ஸுலதான் போயிட்டு வந்தேன். மலை பஸ்ஸு வந்தா வந்ததுதான், வரலைன்னா யாரையும் கேக்க முடியாது. மவன் குரு பொறந்தப்பறம் அது சரிப்பட்டு வரல. காலையில அவனுக்குப் பால் குடுத்துட்டுப் போனா, பொழுது எறங்கறதுக்குள்ள நான் வூட்டுல இருக்கணும். சாயந்திர பஸ்ஸ வுட்டா மலையிலயே தங்கல். ஒரு தடவ அப்படித் தங்குனேன். பால் கட்டிக்கிச்சு, வலி உசுரு போச்சு. இங்க மவன் அழுது அழுது தொண்ட கட்டிப் போயி கெடந்தான். அதுக்கப்பறம் என் சம்பளத்துல ஒரு பழைய கார் வாங்குனேன், ஓட்டவும் கத்துக்கிட்டேன்.

வாங்குனது நானு. ஆர்.சி. புக்கு மட்டும் எங்க வூட்டுக்காரரு பேருல. அந்த வேலையப் பாத்தது எங்க மச்சாண்டாரு ராஜாமணி, வூட்டுக்காரருக்கு அண்ணன். வண்டி வாங்கி விக்கற புரோக்கரு. "பொம்பள பேருல எதுக்கு அலைச்சலு"ன்னு அவரே எழுதிட்டு வந்துட்டாரு. எனக்குத் தெரியறப்ப புக்கு கைக்கு வந்தாச்சு. எங்க வூட்டுக்காரரு நவநீதன் நல்ல மனுசன்தான். ஆனா அண்ணன் எதுக்க நின்னா இடிச்ச புளி மாதிரி உக்காந்துக்குவாரு.

வண்டியில முன்னாடி டயரு ரெண்டும் போன வருசம் புகுந்த வூட்டுல மாத்திக் குடுத்தது, நல்லாத்தான் இருந்துச்சு. பின்னாடி ரெண்டும் பட்டன் தேஞ்சு சுத்த மொட்டை. ஆடித் தூறல்ல ஒரு நா மலையிலிருந்து எறங்கறேன், கொண்டை ஊசி வளைவுல பின்பக்கம் வழுக்கிட்டுப் போச்சு. நான் ஸ்டேரிங்க சரியாத்தான் புடிச்சிருக்கேன், பின்னாடி வண்டி தனியா எங்கயோ போவுது. தடுப்புக் கல்லுக்கு ஒரு சாண் முன்னாடி நின்னுச்சு. எறங்கிப் போயி பின்டயரத் தடவிப் பாத்தேன், வழவழன்னு இருந்துச்சு. பயந்தேன், இல்லைன்னு சொல்லல. ஆனா பயந்தது அந்த மொட்டை டயருக்கு. ரோட்டுக்கு இல்ல.

வூட்டுக்கு வந்து, பின்னாடி ரெண்டு டயர் மாத்தணும்னேன். எங்க வூட்டுக்காரரு அண்ணனக் கேட்டாரு. அண்ணன் ஆரம்பிச்சாரு.

"ரெண்டு மட்டும் மாத்தக் கூடாது கலைமணி. முன்னாடி இருக்கற கம்பெனி டயரு இப்ப இங்க கெடைக்கறதில்ல. முன்னாடி ஒரு கம்பெனி, பின்னாடி ஒரு கம்பெனின்னு போட்டா மலையில வண்டி சொன்ன பேச்சு கேக்காது. உருட்டித் தள்ளிரும். மாத்துனா நாலையும் மாத்தணும்."

"சரிங்க மாமா, நாலையும் மாத்திருவோம்."

"பாக்கலாம்."

பாக்கலாம் பாக்கலாம்னே ரெண்டு மாசம் ஓடுச்சு. நானும் நத்தையாட்டம் மலை எறங்கிட்டிருந்தேன். அப்பறம் ஒரு நா சோத்துல கைய வெச்சுக்கிட்டே சொன்னாரு. "எதுக்கும்மா அந்த வண்டி? வாங்கறதுக்குப் பார்ட்டி ஒருத்தரு இருக்காரு. குருவுக்குக் காது குத்தற அன்னிக்கு சாயந்திரம் வந்து பாத்துட்டு அட்வான்ஸ் குடுத்துருவாரு. நீயும் வேலைய வுட்டுட்டு புள்ளயப் பாரு. உசுரு முக்கியமில்லையா?"

ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுவுச்சாம். என் உசுரு மேல இவருக்கு என்னிக்கு அக்கறை வந்துச்சு? வண்டி போனா ஒண்ணு நான் வேலைய வுடணும், இல்லைன்னா மவன வுட்டுட்டு மலையில தங்கணும். ரெண்டுல எதையும் வுடறதா இல்ல நானு. எங்க வூட்டுக்காரரப் பாத்தேன். அவரு மோரு ஊத்திக்கிட்டிருந்தாரு.

என் சம்பளம் வூட்டுச் செலவுக்கே சரியாப் போயிரும், டயருக்குத் தனியாக் காசில்ல. அன்னிக்கே காரிமங்கலத்துக்கு, எங்க அண்ணன் சென்றாயனுக்குப் போன் போட்டேன். தாய்மாமன் மொறைக்கு மவனுக்கு வெள்ளிக் காப்பு போடறதா இருந்துச்சு அண்ணன்.

"அண்ணா, காப்பு வேண்டா. எனக்கு ரெண்டு டயர் வாங்கிக் குடு."

எதுக்குன்னு கேக்கல, ஏன்னும் கேக்கல. "என்ன சைஸு?"ன்னு மட்டும் கேட்டுச்சு. போனக் கீழ வெச்சுட்டுத்தான் நான் அழுதேன்.

சத்தியமா சொல்றேன், வேன்ல மூட்டையோட மூட்டையா போட்டுக் கொண்டாந்து கமுக்கமா குடுக்கும்னுதான் நெனச்சேன். அது செஞ்ச வேலை வேற. காது குத்தற அன்னிக்கு குலசாமி கோயில் வாசல்ல வேன் வந்து நிக்குது, மேளம் அடிக்குது, பழத் தட்டு, வெல்லத் தட்டு, துணித் தட்டுன்னு பொம்பளைங்க வராங்க. கடைசியா எங்க பங்காளிங்க ரெண்டு பேரு, தலையில சும்மாடு வெச்சு, ஆளுக்கொரு தாம்பாளம், அதுல ஆளுக்கொரு டயரு. டயருக்குக் கதம்பம் வேற சுத்தியிருக்குது.

கோயிலே சிரிச்சுச்சு. ராஜாமணி மாமா முன்னாடி வந்து, "என்ன மாப்ள, ஒர்க்‌ஷாப்பு தெறக்கறீங்களா? இத ஓரமா உருட்டி வுட்டுட்டு மத்ததக் கொண்டாங்க"ன்னாரு. கூட்டத்தப் பாத்து, "அதுவும் வேற கம்பெனி பாருங்க. முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு. இது தெரியாமயா வண்டி ஓட்டறாங்க"ன்னாரு.

எங்க அண்ணன் சத்தம் போடல. "மத்தது வேற இது வேறன்னு இல்லீங்க மாமா. சீருன்னா மொத்தமும் சீருதான். வாங்கிக்கிட்டீங்கன்னா புள்ளய மடியில வெக்கறேன். இல்லைன்னா மொத்தத்தையும் வேன்ல ஏத்திக்கறேன்."

மொட்டை அடிக்கறவரு கத்தியோட நிக்கறாரு. காது குத்த வந்த ஆசாரி தோடக் கையில வெச்சுக்கிட்டு நிக்கறாரு. மாமன் மடி இல்லாம எவன் காது குத்துவான்? எல்லாரும் எங்க மாமியாரு தீர்த்தம்மாளப் பாத்தாங்க. எட்டு ஊருக்கு மொறை சொல்ற பொம்பள அது. மொகம் செவந்து போச்சு. என்னை ஒரு மொறை மொறைச்சுது. நானும் கண்ணு எடுக்கல.

"நல்ல நேரம் போவுது, வாங்குங்கடி"ன்னு சொல்லிட்டு, டயர் மேல கைய வெச்சு மொதத் தாம்பாளத்த அதுவே வாங்கிருச்சு.

அண்ணன் அதோட நிக்கல. மாமன் உக்கார மனைப்பலகை போட்டு வெச்சிருந்தாங்க, அத ஓரமாத் தள்ளுச்சு. ஒரு டயரு மேல இன்னொரு டயர வெச்சு, புதுத் துண்ட விரிச்சு, அது மேல உக்காந்து கைய நீட்டுச்சு. மவனக் குடுத்தேன். மொட்டையும் அங்கதான், காது குத்துனதும் அங்கதான். மவன் கத்துன கத்துல மேளக்காரங்களே நிறுத்திட்டாங்க.

சாப்பாடு முடிஞ்சு கை கழுவற எடத்துல ராஜாமணி மாமா என் பக்கத்துல வந்தாரு. "ஆசை தீந்துச்சா? பார்ட்டி வராரு. அந்தப் புது டயரையும் மாட்டியே வெச்சிரு. இன்னும் நல்ல வெலைக்குப் போவும்."

எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுச்சு. மாட்டறேன் மாமான்னேன். பட்டுப் பொடவையோட வண்டிய எடுத்தேன். டயர டிக்கியில போட்டுக்கிட்டு நேரா டயர் மாட்டற முருகேஷ் கடை. அவன் தலையச் சொறிஞ்சான்.

"புது டயர முன்னாடி போட்டுட்டு, முன்னாடி இருக்கறதப் பின்னாடி தள்ளிருவோங்க அக்கா. எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க."

"எல்லாரும் போடட்டும். எனக்கு வழுக்குனது பின்னாடி. முன்னாடி வழுக்குனா ஸ்டேரிங்காவது கையில இருக்குது, பின்னாடி போனா எதப் புடிக்கறது? பின்னாடியே போடு."

"கம்பெனி வேறயா இருக்குதேங்க."

"சைஸு ஒண்ணுதான? பின்னாடி ரெண்டும் ஒரே டயருதான? அப்பறம் என்ன?"

"அதெல்லாம் தாராளமா ஓடும்"னு சொல்லிட்டு, துணிய எடுத்துக் குங்குமத்தத் தொடைக்கப் போனான். தொடைக்காம மாட்டுன்னேன்.

வூட்டு வாசலுக்கு வந்தா பார்ட்டி உக்காந்து டீ குடிக்கறாரு. பக்கத்துல ராஜாமணி மாமா. எங்க வூட்டுக்காரரு ஆர்.சி. புக்கக் கையில வெச்சுக்கிட்டுத் தரையப் பாக்கறாரு. வாசல்படியில மாமியாரு மவன இடுப்புல வெச்சுக்கிட்டு நிக்குது. எங்க அண்ணனும் சொந்தக்காரங்களும் இன்னும் கெளம்பல.

பார்ட்டி எழுந்து வந்து வண்டியச் சுத்திப் பாத்தாரு. குனிஞ்சு டயரப் பாத்தாரு. "என்னங்க இது, முன்னாடி ஒரு கம்பெனி, பின்னாடி ஒரு கம்பெனி?"

ராஜாமணி மாமா வாயி சும்மா இருக்குமா, புரோக்கர் வாயி. "அட, அதனால என்னங்க. முன்னாடி ரெண்டும் ஒண்ணு, பின்னாடி ரெண்டும் ஒண்ணு. சைஸு ஒண்ணு. மலையே ஏறலாங்க, ஒரு கொறையும் வராது. நான் பொறுப்பு."

வாசல்ல இருந்தவங்க எல்லாரும் அவரத் திரும்பிப் பாத்தாங்க. அப்பறந்தான் அவருக்கே ஒரைச்சிருக்கும் போல, டீ டம்ளர எடுத்துக்கிட்டாரு.

"மாமா, இன்னொரு தடவ சொல்லுங்க"ன்னேன். "எனக்குச் சரியாக் கேக்கல. ரெண்டு மாசமா மலையில உருட்டித் தள்ளிரும்னீங்களே, அந்த வண்டி எது? நான் ஓட்டுனா உருளும், அவரு ஓட்டுனா ஏறுமா?"

"வெளியாளு முன்னாடி பேசற பேச்சா இது?"

"நீங்க வெளியாளு முன்னாடிதான் நெசத்தச் சொல்றீங்க. நான் என்ன பண்றது?"

பார்ட்டி பாவம், நல்ல மனுசன். பின்டயருல ஒட்டியிருந்த குங்குமத்தக் காட்டி என்னன்னு கேட்டாரு. என் மவனுக்குத் தாய்மாமன் சீருங்க, காலையில இது மேல உக்காரவெச்சுத்தான் காது குத்துனோம்னேன். அவரு கைய எடுத்துக்கிட்டாரு. "சீருப் பொருளுங்களா? அத நான் வாங்கிட்டுப் போனா எங்க வூட்டுல சேத்துக்க மாட்டாங்க"ன்னு செருப்ப மாட்டுனாரு.

"டயரக் கழட்டிட்டுத் தரேங்க"ன்னு ராஜாமணி மாமா பின்னாடியே போனாரு.

"கழட்டுங்க மாமா"ன்னேன். "ஜாக்கி டிக்கியில இருக்குது. உங்க கையாலயே கழட்டுங்க. எங்க அண்ணனும் பாக்கட்டும்."

அவரு அம்மாவப் பாத்தாரு. எங்க மாமியாரு அவரப் பாக்கல. படி எறங்கி வந்து, எங்க வூட்டுக்காரரு கையிலிருந்த புக்க அதுவே வாங்கி என் கையில குடுத்துட்டு, "பத்திரமா வெச்சுக்க"ன்னு சொல்லுச்சு. எங்க வூட்டுக்காரரு அப்பவும் தரையத்தான் பாத்துக்கிட்டிருந்தாரு. அந்தக் கோவம் எனக்கு இன்னும் தீரல, அது தனிக் கதை.

விசேஷம் முடிஞ்ச மக்கா நா காலையில தூறல். மவனுக்குப் பால் குடுத்துட்டு வெளிய வந்தா, மாமியாரு வண்டிகிட்டக் குனிஞ்சு நிக்குது. பின்னாடி ரெண்டு டயருக்கும் கீழ எலுமிச்சம்பழம்.

"முன்னாடி வெக்கலீங்களா அத்த?"

"அது நம்ம வூட்டு டயரு. அதுக்கு வாங்கும்போதே வெச்சாச்சு"ன்னு சொல்லிட்டு நிமுந்துச்சு. மவன என் கையிலிருந்து வாங்கி, என் மொகத்துக்கு நேரா தூக்கிக் காட்டுச்சு. தோடு போட்ட காது இன்னும் செவப்பா இருந்துச்சு.

"பொழுதோட வந்துருவியில்ல? புள்ள பாலுக்குத் தேடும்."

"வந்துருவேங்க அத்த."

வண்டிய எடுத்தேன். பழம் ரெண்டும் நசுங்குச்சு.