ஒயர் சொருகியிருந்ததா?

“ஒரு சொம்பு ஊத்து தேவானை. மீதிய ஆம்பளைங்க பாத்துக்குவாங்க” என்று பக்கத்து வீட்டு ஷீலா சொம்பை மறுபடியும் நீட்டினாள். ஹவுசிங் போர்டு வாசலில் குளிப்பாட்ட பெஞ்சுமேல் பஞ்சாட்சரத்தின் உடலைக் கிடத்தி, சுற்றி வேட்டியைத் திரையாகப் பிடித்திருந்தார்கள். பெண்டாட்டி முதல் தண்ணீர் ஊற்றாமல் மற்றவர்கள் எப்படி ஊற்றுவது?

“நான் ஊத்துன தண்ணி போதும்” என்றாள் தேவானை. சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

துக்கத்தில் ஏதோ உளறுகிறாள் என்று கூட்டம் உச்சுக் கொட்டியது. மகள் தமிழ்நிலாவுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. தரமணி ஆபீசிலிருந்து அவளை ஃபோன் போட்டு வரவழைத்தபோதே அப்பா போய்ச் சேர்ந்திருந்தார். வந்ததிலிருந்து பார்க்கிறாள், அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அப்பா பக்கத்தில்கூட உட்காரவில்லை. கம்ப்யூட்டர் இருக்கிற அறையை மட்டும் சாத்தி வைத்து, “யாரும் உள்ள போவாதீங்க, கரண்ட்டு கீது” என்று விரட்டிக்கொண்டே இருந்தாள்.

சமையற்கட்டில் போய் அம்மாவை மடக்கினாள். “இன்னாம்மா ஆச்சு உனக்கு? ஊரே பாத்துக்கினு நிக்குது.”

“காத்தால நீ போனப்புறம் தரைய தொடச்சேன். காயறதுக்குள்ள அந்தப் பொட்டிகிட்ட போயி முட்டி போட்டுக்கினாரு. படம் வரல, படம் வரலன்னு... ஈரமா கீது, எழுந்திருன்னு சொல்லத் தோணல நிலா. நான் பாட்டுக்கு பாலு வாங்கப் போய்ட்டேன்.” குரல் இறங்கியது. “கரண்ட்டுதான் அடிச்சிருக்கும். நான்தான்டி தண்ணிய ஊத்திக் கொன்னுட்டேன்.”

“டாக்டரு ஹார்ட்டுன்னு சொன்னாரேம்மா!”

“அவருக்கு இன்னா தெரியும்? மாத்திரை அட்டைய பாத்தாரு, நெஞ்ச தொட்டாரு, எழுதிக் குடுத்துட்டாரு. தரைய பாத்தாரா?”

இல்லம்மா என்று சொல்லத் தமிழ்நிலா வாயெடுத்தாள், ஆனால் தெரியாமல் எப்படிச் சொல்வது? இன்றைக்கு அம்மா தண்ணீர் ஊற்றாமல் அப்பாவை அனுப்பிவிட்டால் பிறகு எந்தக் காலத்திலும் ஊற்ற முடியாது. மீதி ஆயுசுக்கும் அதையே சொல்லிச் சொல்லிச் சாவாள்.

கதவைத் திறந்துகொண்டு அறைக்குள் போனாள். மேசைக்கடியில் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகடு கழற்றிக் கிடந்தது. ஒரு வாரமாக இதே தொல்லை. சுவிட்சைப் போட்டால் உள்ளே ஃபேன் சுற்றும், பீப் பீப் என்று கத்தும், மானிட்டர் மட்டும் இருட்டு. “ஞாயித்துக்கெழம நான் பாக்கறேன்பா” என்று சொல்லித்தான் வைத்திருந்தாள். மனுஷன் கேட்டால்தானே! ஆட்டோவை விற்ற பிறகு அதில் சீட்டு அடுக்கி விளையாடாமல் அவருக்குப் பொழுது போகாது. அவருக்குத் தெரிந்த வைத்தியமும் ஒன்றே ஒன்றுதான். உள்ளேயிருக்கும் மெமரி அட்டையைப் பிடுங்கி, அதன் பல்வரிசையைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து, திரும்பச் சொருகுவது. பாதி நாள் படமும் வந்துவிடும், அப்புறம் அவரைக் கையில் பிடிக்க முடியாது.

இப்போது மெமரி பழைய பேப்பர்மேல் கிடந்தது, பக்கத்தில் ரப்பர்த் தூள். சுவரில் சுவிட்ச் போட்டபடியே இருந்தது. அவளுக்குத் திக்கென்றது. ஆனால் அங்கே பிளக்கைக் காணோம். ஒயர் முழுசாகக் கழன்று கட்டில்மேல் சுருண்டு கிடந்தது. யார் பிடுங்கியது? அவரா, அவர் விழுந்த பிறகு ஓடி வந்தவர்களா?

முதலில் ஓடி வந்து தூக்கியவர் எதிர்வீட்டு அன்வர் பாஷா. வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றாள்.

“மாமா, அப்பாவ தூக்க சொல்ல ஒயரு சொருகியிருந்துச்சா?”

“இன்னாம்மா, இப்ப போயி அத கேக்கற?”

“சொல்லுங்க மாமா. சொருகியிருந்துச்சா?”

“எங்க சொருகி கீது? துண்டு கணக்கா தோள்மேல போட்டுக்கினு கெடந்தாரு. ஒருவாட்டி அவரு உள்ள கைய விட்டுக்கினு இருக்க சொல்ல நீ சுவிட்ச்ச போட்டுட்டியாமே? அதுலேர்ந்து ஒயர கழட்டித் தோள்ல போட்டாத்தான் கைய வெப்பேன், ஆத்தாளையும் மகளையும் நம்ப மாட்டேன்னு சிரிப்பாரு. நான்தான் அத எடுத்துக் கட்டில்மேல கடாசுனேன்.”

தமிழ்நிலா அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். தான் சொன்னால் அம்மா நம்பமாட்டாள், ஆறுதலுக்குச் சொல்கிறாய் என்பாள்.

தேவானை முழுக்கக் கேட்டாள். “அந்தப் பழக்கம் எனக்கும் தெரியும். இன்னிக்கும் போட்டுக்கினாரா? எனக்கோசரம் சொல்லாத பாஷா.”

“அல்லா மேல ஆணையா அண்ணி. அண்ணன் மார்மேல தொங்கிக்கினு இருந்துச்சு. என் கையாலதான் எடுத்தேன்.”

“ரெண்டு முனையுமா?”

“ரெண்டு முனையும்தான் அண்ணி.”

அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். பிறகுதான் ஓவென்று அழுகை வந்தது. தமிழ்நிலாவும் கட்டிக்கொண்டு அழுதாள். அப்பா போய்விட்டார் என்பது அவளுக்கே அப்போதுதான் முழுசாக உறைத்தது.

ஷீலா எட்டிப் பார்த்தாள். “வண்டி வந்துட்சி தேவானை.”

தேவானை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வாசலுக்குப் போய்ச் சொம்பை வாங்கி ட்ரம்மில் விட்டு மொண்டவள், கையில் தண்ணீர் பட்டதும் நின்றுவிட்டாள்.

“பச்சத் தண்ணியா ஷீலா இது? பச்சத் தண்ணி அவருக்கு ஆவாதே” என்றாள். “நிலா, போயி வெந்நி வெச்சு எடுத்தா.”

“வண்டிக்காரன் கத்துவான்” என்று யாரோ முனகினார்கள்.

“கத்தட்டும்.”

தமிழ்நிலா அடுப்பைப் பற்றவைக்க உள்ளே ஓடினாள். வெந்நீர் வருகிறவரை, தலையில் வைத்திருந்த சீயக்காய் அவர் கண்ணுக்குள் இறங்காதபடி தேவானை விரலால் வழித்து விட்டுக்கொண்டே நின்றாள்.