எட்டு வருடத்துப் பெல்ட்

அடிப்பதற்கு முன்னால் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது பாண்டித்துரையின் பழக்கம். அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து திருப்பூருக்கு மூட்டை தூக்க வந்தவன் அவன். சாயப்பட்டறை வாசலில் தகராறு செய்த நாலு பேரை ஒற்றை ஆளாக விரட்டியதில் மகுடேஸ்வரன் கண்ணில் பட்டான். ஊரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் பனியன் கம்பெனி வைத்திருந்த மகுடேஸ்வரன், அவனுக்கு 'செக்யூரிட்டி சூப்பர்வைசர்' என்று ஒரு பட்டமும் மண்ணரையில் குடியிருக்க ஒரு லைன் வீடும் கொடுத்தார். அதெல்லாம் நடந்து பதினைந்து வருடமாகிவிட்டது. இப்போது அவர் மகன் நித்தீஷ் போகுமிடமெல்லாம் பாண்டித்துரை கூடப் போக வேண்டும். நித்தீஷ் அவனைப் 'பாண்டிண்ணா' என்றுதான் கூப்பிடுவான். அந்த 'அண்ணா' ஒன்றுக்காகவே பாண்டித்துரை எதையும் செய்வான்.

அன்று வெள்ளிக்கிழமை. மத்தியான வெயிலில் இருவரும் முதலிபாளையத்தில் சிவராஜின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனார்கள். உள்ளே நித்தீஷின் மஞ்சள் கார் நின்றது. இத்தாலியில் செய்தது. இருபது வயசான வண்டி, மும்பையில் இரண்டு கை மாறி வந்தது. இருக்கை இரண்டே இரண்டு. இன்ஜின் அந்த இருக்கைகளுக்குப் பின்னால். கோயம்புத்தூரில் ரேஸ் இன்ஜின்களோடு பன்னிரண்டு வருடம் கிடந்த சிவராஜைத் தவிர இந்த ஊரில் அந்த வண்டியின் வயிற்றில் கை வைக்க வேறு ஆள் கிடையாது.

இருக்கைகளை வெளியே எடுத்து, பின்னாலிருந்த மூடியைக் கழற்றி வைத்திருந்தான் சிவராஜ். டார்ச்சை அடித்துக் காட்டினான்.

"பாருங்க தம்பி. இந்த டைமிங் பெல்ட்டு மாத்தி எட்டு வருசமாச்சுங்க. மூணு வருசத்துக்கொருக்கா மாத்தோணும். மிஞ்சிப்போனா அஞ்சு."

"எட்டு வருசத்துல வண்டி ரெண்டாயிரம் கிலோமீட்டர்தான ஓடியிருக்குது? ஓடாத வண்டிக்கு எதுக்குப்பா புது பெல்ட்டு?"

"ஓடாம நிக்கறதுதாங்க வினையே. நின்ன நெலையிலயே ரப்பர் காஞ்சு வெடிச்சுருதுங்க. பல்லப் பாருங்க, நகம் பட்டா உதிருது. அதைக்கூட விடுங்க. இதக் கேளுங்க." பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் உருளையை விரலால் சுற்றிவிட்டான். கர்ரென்று காய்ந்த சத்தம் வந்தது. "பேரிங்குல கிரீஸ் பூராம் காஞ்சுபோச்சுங்க. எப்ப வேணா இறுகிக்கும். இறுகுனா பெல்ட்டு போயிரும். பெல்ட்டு போனா வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜின் அந்த எடத்துலயே பூட்டிக்கும். நூத்தம்பதுல போறப்ப பின்சக்கரம் பூட்டுனா என்னாகும்னு நான் சொல்லோணுங்களா?"

அந்தச் சத்தம் பாண்டித்துரைக்குத் தெரியும். கம்பெனியில் துணிக்கு மடிப்பெடுக்கும் மெஷின் ஒன்று இரண்டு நாள் இதே மாதிரி கத்திவிட்டு மூன்றாம் நாள் உருளையைக் கக்கியது. நின்றிருந்தவனின் முழங்கை எலும்பு வெளியே வந்துவிட்டது. அது நினைவுக்கு வந்தும் பாண்டித்துரை வாயைத் திறக்கவில்லை.

"சாமான் எப்ப வரும்?" என்று கேட்டான் நித்தீஷ்.

"இத்தாலியிலிருந்து வரோணுங்க. பத்து நாளாகும்."

"ஞாயித்துக்கெழமை கோயமுத்தூர்ப் பசங்க ஒம்பது வண்டில வர்றாங்க. உடுமலை வரைக்கும் ஒரு டிரைவ். மூடியை மாட்டிக் குடு, வந்தப்பறம் பாத்துக்கலாம்."

"மாட்டித் தரமாட்டனுங்க."

"என்னது?"

"சாவியும் தரமாட்டனுங்க தம்பி. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா என்ற மனசு கேக்காதுங்க."

நித்தீஷ் சிரித்தான். "உம்பட பொண்டாட்டி அன்புசெல்வி எங்க கம்பெனிலதான செக்கிங்ல இருக்குது?"

"அவளுக்கும் இதுக்கும் என்னங்க?"

"எதுத்துப் பேசற அளவுக்கு ஆயிட்டீங்களா நீங்கெல்லாம்?"

அந்த 'நீங்கெல்லாம்' யாரைச் சொல்கிறது என்று அங்கிருந்த மூன்று பேருக்கும் தெரியும். சிவராஜ் கையிலிருந்த டார்ச்சை அணைத்து மேசைமேல் வைத்தான். "ஆமாங்க" என்றான். "ஆயிட்டோமுங்க."

நித்தீஷ் திரும்பி பாண்டித்துரையைப் பார்த்தான். பாண்டித்துரை கடிகாரத்தைக் கழற்றினான்.

முதல் அடி காதோடு விழுந்தது. சிவராஜ் டயர் அடுக்கின்மேல் சரிந்தான். எழுந்தவனை வயிற்றில் உதைத்தான். எழுந்து எழுந்து நின்றானே தவிர அவன் கையை ஓங்கவில்லை. அதுதான் பாண்டித்துரைக்கு எரிச்சலாக இருந்தது. திருப்பி அடிக்கிறவனை அடிப்பது சுலபம். மூக்கிலிருந்து ரத்தம் ஒழுக ஒழுக அவன் "தரமாட்டனுங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தான். பாண்டித்துரை அவனைத் தரதரவென்று இழுத்துப்போய், மேசையில் பதித்திருந்த, சாமான்களை இறுக்கிப் பிடிக்கும் இரும்பு வைஸில் அவன் வலக்கையை வைத்துப் பிடியைத் திருகினான்.

"சாவி எங்கடா?"

இன்னொரு சுற்று. விறகு ஒடிகிற மாதிரி இரண்டு சத்தம் கேட்டது. சிவராஜ் போட்ட அலறலில் பக்கத்து லேத் பட்டறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நித்தீஷைக் கண்டதும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

சாவி வந்தது. அத்தோடு விடவில்லை நித்தீஷ். மூடியையும் இருக்கைகளையும் அவன்தான் மாட்ட வேண்டும் என்றான். வலக்கையை மார்போடு அணைத்துக்கொண்டு இடக்கையால் ஒவ்வொரு திருகாக முடுக்கினான் சிவராஜ். ரத்தம் சொட்டிய மூடியை நித்தீஷ் கழிவுத்துணியால் துடைத்தான். கிளம்பும்போது சிவராஜ் பாண்டித்துரையை மட்டும் பார்த்துச் சொன்னான்.

"அண்ணா, நீங்க அந்த வண்டில ஏறீறாதீங்க."

அவன் பயமுறுத்துகிறான் என்றுதான் பாண்டித்துரை முதலில் நினைத்தான். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பல்லடத்தில் ஒன்பது வண்டிகளும் சேர்ந்துகொண்டன. கூட வருவதாகச் சொன்ன நண்பன் வராததால் "ஏறுங்க பாண்டிண்ணா" என்றான் நித்தீஷ். சிவராஜ் சொன்னது ஒரு கணம் காதில் ஒலித்தது. ஏறமாட்டேன் என்று முதலாளி மகனிடம் சொல்லிப் பழக்கமில்லாத பாண்டித்துரை, குனிந்து, மடங்கி, உள்ளே உட்கார்ந்தான். இன்ஜின் அவன் முதுகுக்குப் பின்னால் உறுமியது. ஊரைத் தாண்டித் தென்னந்தோப்புகள் வந்ததும் நித்தீஷ் அழுத்தினான். உறுமலுக்கு நடுவே மெல்லிய கீச்சொலி ஒன்று கிளம்பி, வேகம் ஏற ஏறக் கூர்மையாகி, பாண்டித்துரையின் பல்லைக் கூசவைத்தது.

"தம்பி, பின்னாடி கத்துது. அவன் சொன்ன அதே சத்தம்."

"இந்த வண்டியே கத்தறதுக்குத்தாண்ணா!"

"வேணாம் தம்பி, ஓரங்கட்டுங்க."

"பயமா? உங்களுக்கா?"

முன்னால் போன வெள்ளை வண்டியைத் தாண்ட நித்தீஷ் வலப்பக்கம் ஏறினான். அப்போது கீச்சொலி நின்றது. ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது. அடுத்த கணம் முதுகுக்குப் பின்னால் சம்மட்டியடிபோல நாலைந்து அறை. பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு அலறின. சாலை பம்பரமாகச் சுற்றியது. எதிரே மொபெட்டில் சோளத்தட்டுக் கட்டோடு வந்த ஒரு பெரியவரின் முகம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிந்தது, மறைந்தது. பிறகு புளியமரம்.

பாண்டித்துரைக்கு நினைவு தப்பவில்லை. இடது காலுக்கு மேல் தகடு நசுங்கிக் கிடந்தது. இழுத்தான், கால் வரவில்லை. மறுபடி இழுத்தான், தசையை விட்டுவிட்டு வந்தது. கதவு பிய்ந்துபோன பக்கமாக உருண்டு சாலையில் விழுந்தான். பெரியவர் பத்தடி தள்ளிக் கிடந்தார். அவருடைய ஒரு கை மட்டும் எதையோ தேடுவதுபோலத் தாரைச் சுரண்டிக்கொண்டிருந்தது. பாண்டித்துரை முழங்கையால் ஊர்ந்து போய் அந்தக் கையைப் பிடித்தான். பிடித்துக்கொண்டிருக்கும்போதே கை நின்றது. நல்லான் என்ற அவர் பெயரும், அவருக்கு மருதாள் என்று ஒரு மனைவி இருப்பதும் பிற்பாடுதான் தெரிந்தது.

நித்தீஷுக்கு உதடு மட்டும் கிழிந்திருந்தது. மரத்தடியில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். "அப்பா, ஒருத்தரு செத்துட்டாருப்பா... இல்ல, இல்ல... பாண்டிண்ணந்தான் ஓட்டுனாருன்னு சொல்லிக்கலாம்ப்பா."

பாண்டித்துரை அதைக் கேட்டான். காலில் வலி அப்போதுதான் ஏறத் தொடங்கியது.

மறுநாள் ஆஸ்பத்திரித் தனியறைக்கு மகுடேஸ்வரன் ஆப்பிள் பையோடு வந்தார். எப்போதும்போல மரியாதைக்குக் குறைவில்லை.

"பாண்டி, நீங்கதான் ஓட்டுனீங்க. சரீங்களா? உங்க குடும்பம் என்ற குடும்பம். அந்த மெக்கானிக் பெல்ட்டைப் பாதி அறுத்து வெச்சிருக்கறான். மூடியை அவன் மாட்டுனதை நீங்க பாத்தீங்கல்லங்க?"

"பாத்தேன் முதலாளி" என்றான் பாண்டித்துரை. அது உண்மைதானே.

"அது போதுமுங்க."

அவர் போன அரைமணி நேரத்தில் அன்புசெல்வி வந்தாள். கம்பெனியில் துணி பார்க்கும் மேசையருகே அவளைப் பலமுறை பார்த்திருக்கிறான், வணக்கம் வைப்பாள். இப்போது வணக்கமில்லை. கட்டிலருகே வந்து, கையிலிருந்த எவர்சில்வர் தூக்குப்போசியை ஓங்கி, கட்டுப்போட்டிருந்த அவன் காலின்மேல் அடித்தாள். உலகமே வெள்ளையாகிவிட்டது அவனுக்கு. மறுபடி அடித்தாள். அவன் தலையணையைக் கடித்தானே தவிர நர்சைக் கூப்பிடவில்லை.

"எந்தக் கையடா அறுத்துச்சு?" என்றாள். மூச்சு வாங்கியது. "நீ நசுக்குன கையா? சொல்லு. நேத்துச் சாயங்காலம் பன்னண்டு பேரு வந்து ஒர்க்‌ஷாப்பக் கொளுத்திப் போட்டாங்க. உடைஞ்ச கைமேலயே மிதிச்சிருக்காங்க. அதுக்கப்பறம் அவரத்தான் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. உன்ற மேல புகார் குடுன்னு நான் வெள்ளிக்கெழமையே தலைதலையா அடிச்சுக்கிட்டேன். என்ற வேலை போயிருமின்னு வாய மூடிட்டு இருந்துட்டாரு."

போசி நெளிந்திருந்தது. அதைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், போய்விட்டாள்.

பாண்டித்துரை வாழ்நாளில் எத்தனையோ பேரை அடித்திருக்கிறான். அந்த அடிகளில் எதுவும் படுக்கையில் அவனைத் தேடி வந்ததில்லை. முந்தின நாளிலிருந்து நல்லானின் கை கண்முன்னாலேயே கிடந்தது. இப்போது அதோடு சிவராஜின் கையும் சேர்ந்துகொண்டது. நித்தீஷ் ஏவினான், வாஸ்தவம். பிடியைத் திருகியது யார்?

செவ்வாய்க்கிழமை மத்தியானம் எஸ்.ஐ. சாரதாமணி ஒரு கான்ஸ்டபிளோடு வாக்குமூலம் வாங்க வந்தார். உள்ளே வரவிடாததால் நித்தீஷ் கதவோரம் நின்றான்.

"யாரு வண்டி ஓட்டுனது?"

"நித்தீஷு."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "உங்க முதலாளி வேற மாதிரி சொல்லியிருக்காரே?"

"அவரு அங்க இல்லம்மா. நான் இருந்தேன். பெல்ட்ட யாரும் அறுக்கல. எட்டு வருசமா மாத்தாத பெல்ட்டு, காஞ்சுபோன பேரிங்கு, எடுக்காதீங்கன்னு அந்த மெக்கானிக் கெஞ்சுனான். நான் அவன் கையை வைஸ்ல வச்சு நசுக்கிச் சாவியைப் பிடுங்குனேன். அதையும் எழுதிக்கங்க. நான் சொல்றேன்ல, எழுதுங்கம்மா."

கதவு சுவரில் அறைந்தது. நித்தீஷ் பாய்ந்து வந்து சலைன் ஸ்டாண்டைப் பிடுங்கினான். "எங்க சோத்தத் தின்னுட்டு..." முதல் வீச்சு பாண்டித்துரையின் நெற்றியைக் கிழித்தது. இரண்டாவது காலில் இறங்கியது. மூன்றாவதற்கு ஓங்கியபோது பாண்டித்துரை அவன் சட்டையைப் பற்றிக் கீழே இழுத்து, கட்டில் கம்பியில் முகத்தை மோதினான். பல் தெறித்து விழுந்தது. இன்னொரு முறை மோதினான். பதினைந்து வருடத்தில் யாரும் ஏவாமல் அவன் அடித்தது அதுதான் முதல் தடவை. அது சுகமாக இருந்தது. அந்தச் சுகம் அவனையே பயமுறுத்தியது. பிடியை விட்டான். கான்ஸ்டபிள் நித்தீஷை இழுத்துப்போனார். போலீஸ் முன்னாலேயே சாட்சியை அடித்தவனை மகுடேஸ்வரனால்கூட அன்றைக்கு வெளியே கொண்டுவர முடியவில்லை.

பாண்டித்துரையின் கால் மூட்டுக்குக் கீழே சீழ் பிடித்து, வியாழக்கிழமை அதை எடுத்துவிட்டார்கள். அவன் மனைவி குழந்தையம்மாள் துணைக்கு ஆஸ்பத்திரியில் இருந்த நேரத்தில் மண்ணரை வீட்டுச் சாமான்களைத் தெருவில் வீசியிருந்தார்கள். அவள் டிவியை மட்டும் எடுத்துக்கொண்டு அருப்புக்கோட்டை பஸ் ஏறினாள். அவனிடம் ஒரு வார்த்தை திட்டவில்லை. அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

வண்டியைப் பிரித்துப் பார்த்த மோட்டார் வாகன ஆய்வாளர், பெல்ட்டில் கத்தி பட்ட தடமில்லை என்று எழுதினார். சிவராஜை விட்டுவிட்டார்கள். ஒர்க்‌ஷாப் சாம்பல்தான். நித்தீஷ் இரண்டாம் மாதம் ஜாமீனில் வந்தான். நல்லான் செத்த வழக்கு இழுத்துக்கொண்டே போகிறது. கை நசுக்கிய வழக்குதான் முதலில் வந்தது. அதில் முதல் குற்றவாளி பாண்டித்துரை, தூண்டியதாக நித்தீஷ்.

கோர்ட் தாழ்வாரத்தில் கட்டைக்காலோடு உட்கார்ந்திருந்த பாண்டித்துரை, எதிரே சிவராஜும் அன்புசெல்வியும் வருவதைப் பார்த்து எழுந்தான். சிவராஜின் வலக்கையில் இரண்டு விரல்கள் விறைத்து நீட்டிக்கொண்டிருந்தன.

"அன்னிக்கி, சத்தம் நின்னப்பறம் பூட்டுச்சா, சத்தத்தோடயே பூட்டுச்சா?" என்று கேட்டான் சிவராஜ். அண்ணா இல்லை, ங்க இல்லை.

"நின்னப்பறம்."

"அப்ப பேரிங்குதான் மொதல்ல போயிருக்குது."

"தம்பி, என்னைய..."

"அந்தப் பேச்சு வேண்டாம்" என்றான் சிவராஜ். "சமாதானமாப் போயிரலாமின்னு உன்ற வக்கீலு வந்து கேட்டாரு. முடியாதுன்னுட்டேன். நீ உள்ள போகோணும். அவனும் போகோணும்."

"நான் வக்கீலை அனுப்பல" என்றான் பாண்டித்துரை. அது மகுடேஸ்வரனின் வேலையாகத்தான் இருக்கும். சிவராஜ் நம்பினானா என்று தெரியவில்லை.

பெயரைக் கூப்பிட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று நீதிபதி கேட்டார். நித்தீஷின் வக்கீல் எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பாண்டித்துரை கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நிமிர்ந்து, "ஆமாங்கய்யா, நான்தான் செஞ்சேன். செய்யச் சொன்னவரு அந்தா நிக்கிறாரு" என்று கையை நீட்டிக் காட்டினான்.