மூன்று நீல ஹெல்மெட்

ஒரு கல்லூரியின் மானம் அதன் ஆட்டக்காரர்கள் எடுக்கும் ரன்னில் இல்லை, அவர்கள் தலையில் இருக்கும் ஹெல்மெட்டின் பளபளப்பில்தான் இருக்கிறது என்று திருமால் அறிவித்தான். உடற்பயிற்சி ஆசிரியர் சாமிக்கண்ணு மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடலூர் டீம் விருத்தாசலத்துக்கு வருகிறது; சாமான் அறையில் இருந்த மூன்று ஹெல்மெட்டும் சொறி பிடித்தது போல உரிந்து கிடந்தன. பெயிண்டு டப்பாவோடு பொறுப்பையும் திருமாலிடமே கொடுத்துவிட்டார்.

திருமால் செராமிக் டிப்ளமோ இரண்டாம் வருஷம். ஊறுகாய் ஜாடிக்கு மெருகு அடிக்கிற ஸ்பிரே அவன் கைக்குப் பழக்கம். கம்பி வலையில் ஏறியிருந்த துருவைச் சுரண்டினான். மக்கிப்போன பஞ்சைப் பிய்த்துவிட்டு, பஸ் சீட்டு தைக்கிற கடையிலிருந்து ஃபோம் வாங்கி வந்து ஒட்டினான். பழைய பெயிண்டை உப்புத்தாளால் தேய்க்கும்போது ஒரு ஹெல்மெட்டில், இடது காதுக்கு மேலே, தலைமுடி மாதிரி ஒரு கீறல் தெரிந்தது. விரிசல் அடைக்கிற பட்டியை விரலில் கொஞ்சம் எடுத்துத் தடவினான். கீறல் போய்விட்டது; அதாவது கண்ணிலிருந்து போய்விட்டது. திருமாலைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். மேலே நீலம் அடித்து முடித்தபோது எது எது என்று பெற்றவனுக்கே தெரியாத அளவுக்கு மூன்றும் ஒன்றுபோல இருந்தன. அதில்தான் அவனுக்குப் பெருமையே.

சனிக்கிழமை டீம் மொத்தமும் வந்து பார்த்தது. மூன்றாவதாக இறங்கி ஆடுகிற வெற்றிவேல் ஒன்றைத் தூக்கிக் காதோரம் வைத்து, தட்டிப் பார்க்க விரலை மடக்கினான். அவன் வீட்டில் பானை செய்கிறவர்கள். டீக்கடையில் கிளாஸைக்கூட விரிசல் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாய் வைப்பான்.

"ஏன்டா மாப்ள, கொழம்பு வைக்கவா எடுத்துட்டுப் போற?" என்றான் திருமால். "வூட்டுல அம்மாகிட்ட கேட்டுக்கினு வா, புளி தாங்குமான்னு."

டீம் சிரித்தது. தட்டிப் பார்ப்பதெல்லாம் சந்தைப் பழக்கம், அறிவியல் படித்தவன் பூச்சைப் பார்த்தே சொல்லிவிடுவான் என்று திருமால் ஒரு சிற்றுரையும் ஆற்றினான். வாத்தியார் சூளையிலிருந்து எடுத்த ஜாடியை லேபில் தட்டிக் காட்டியபோதும் அதை நோட்டில் எழுதாமல் விட்டவன் அவன். வெற்றிவேல் மடக்கிய விரலை நீட்டிக்கொண்டு, ஹெல்மெட்டை வைத்துவிட்டுப் போனான்.

ஞாயிறன்று முதலில் இறங்கிய இருவரும், பெயிண்டு வாசனையில் தலை வலிக்கிறது என்று தொப்பியோடு போனார்கள். மூன்று ஹெல்மெட்டும் பந்தலில் பெஞ்சு மேல் வெயிலுக்கு மின்னின. திருமால் பக்கத்தில் உட்கார்ந்து பாராட்டு வாங்கிக்கொண்டிருந்தான்.

கடலூர் பவுலர் உயரத்தில் பனைமரத்துக்குத் தங்கச்சி பிள்ளை. அவன் போட்ட பந்து மேட்டில் பட்டு எகிறி, கீப்பர் தலையையும் தாண்டி பவுண்டரிக்குப் போனது. அடுத்தது ஓப்பனரின் தோளில் விழுந்த சத்தம் பந்தல் வரைக்கும் கேட்டது. அதற்கடுத்ததில் அவன் அவுட். சந்தோஷமாகத்தான் நடந்து வந்தான்.

அந்தச் சத்தத்தில்தான் திருமாலுக்குக் கீறல் ஞாபகம் வந்தது. மூன்றையும் பார்த்தான். மூன்றும் பளபளவென்று, ஒரே நீலமாக, அவனைப் பார்த்தன. பூச்சு எதையும் சொல்லவில்லை.

பேடு கட்டி முடித்த வெற்றிவேல் கைக்கு வந்த ஒன்றை எடுத்தான். தட்டவில்லை. நேற்றைய சிரிப்பு அவனுக்கு மறந்திருக்காது.

"இரு மாப்ள. ஃபோம் சரியா ஒட்டியிருக்குதான்னு பாத்துத் தரேன்."

அவன் கையில் இருந்ததைப் பிடுங்கி, மற்ற இரண்டையும் அள்ளிக்கொண்டு திருமால் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் போனான். வெற்றிவேலும் மட்டையோடு பின்னாலேயே வந்து டிரம்முக்கு அந்தப் பக்கம் நின்றான்.

"என்னடா பண்ற? அம்பயர் கூப்புடறாரு."

திருமால் குத்துக்காலிட்டு, ஃபோம் இல்லாத ஓரமாகப் பார்த்து விரலை மடக்கினான். ஒன்று டங்கென்றது. இன்னொன்றும் டங்கென்றது. வெற்றிவேல் கையிலிருந்து பிடுங்கியது ஈர மண்ணைத் தட்டினது போல டொத்தென்றது. அதைக் காலுக்கடியில் தள்ளினான். நல்லதில் ஒன்றை எடுத்தான். நீட்டப் போனவன் நிறுத்தி, காதோடு ஒட்டி வைத்து, இன்னொரு தடவை தட்டிக் கேட்டான்.