மூலையில் ஓர் எண்

1

இந்தக் கதை ஒரு கேபிள்காரர் வாயிலிருந்து வந்தது. அவர் பாட்டுக்கு என் வீட்டுச் சுவரில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். நான்தான் தேநீர் கொடுத்துக் கிளறினேன். (எழுத்தாளர்கள் இதைக் கள ஆய்வு என்பார்கள்.)

முதல் வரியாக, 'தூரம் என்பது மனிதகுலத்தின் ஆதித் துயர...' என்று ஆரம்பித்தேன். எனக்கே வெட்கமாகிப் பாதியில் அடித்துவிட்டேன்.

2

நேராக விஷயத்துக்கு வருகிறேன். மருத்துவமனையின் நான்காம் மாடியில் ஒரு குறைமாதப் பெண் குழந்தை, கண்ணாடிப் பெட்டிக்குள். தரைத்தளத்தில் அதன் அம்மா, வயிற்றில் தையலோடு. மாடிக்குப் போக அனுமதி இல்லை. மேலே ஒரு கேமரா, கீழே அம்மா பார்க்க ஒரு திரை, நடுவில் தொண்ணூறு மீட்டர் கேபிள். இழுத்தவர் நம் ஆள்.

குழந்தையின் புருவ முடிவரை காட்டும் படம் அப்படியே அந்தக் கம்பிக்குள் நுழையாது. அதனால் மேலே ஒரு பெட்டி அதைச் சுருக்கும். கீழே இன்னொன்று விரிக்கும். எப்படி? முதலில் முழுப் படம். அப்புறம் மாறியது மட்டும். சுவர் மாறவில்லையா, சுவரைப் பற்றிப் பேச்சே கிடையாது. (நம் மேடைப் பேச்சாளர்களுக்கும் இப்படி ஒரு பெட்டி... வேண்டாம், விடுங்கள்.)

திரையின் மூலையில் ஒரு சின்ன எண். கம்பி வழியே எவ்வளவு வந்து இறங்குகிறது என்பதைக் கண்ணிமைக்கும் நேரத்துக்கு ஒருமுறை அது காட்டும்.

3

இந்த ஏற்பாட்டின் திறப்பு விழா அன்று மருத்துவமனை இயக்குநர் அந்த எண்ணைப் பார்த்து முகம் சுளித்தார். "அது என்னய்யா, மச்சம் மாதிரி? நம்ம சின்னத்தைப் போட்டு மூடு."

கேபிள்காரர் மூடினார்.

"தொலைவை வென்றோம்" என்று தொடங்கிய இயக்குநரின் பேச்சு பதினோராம் நிமிடத்தைத் தொட்டபோது, சக்கர நாற்காலியிலிருந்து அம்மா கேட்டாள்:

"அண்ணா, பாப்பா அசையவே இல்லையே."

"தூங்குதும்மா."

"படம் நின்னுபோச்சா, இல்ல..."

அவள் முடிக்கவில்லை. நானும் முடிக்கப்போவதில்லை.

"ஒரு நிமிஷம்மா, முடிச்சிடறேன்" என்றார் இயக்குநர்.

"நீங்க பேசுங்க சார். நான் இவரைத்தான் கேட்டேன்."

கேபிள்காரர் ரிமோட்டை எடுத்துச் சின்னத்தை அகற்றினார்.

"என்னய்யா பண்றே?"

"அதுக்கு அடியில ஒரு ஆள் இருக்கு சார்."

210. 260. 210. 260.

"இங்க பாரும்மா. நெஞ்சு ஏறினா படம் துளி மாறும். மாறினதைத்தான் பெட்டி அனுப்பும். அந்த ரூம்ல வேற எதுவும் அசையல. இந்த ஏத்தம் இருக்கே, அது பாப்பாவோட மூச்சு."

இந்த இடத்துக்கு ஒரு கிண்டல் வைத்திருந்தேன். எழுத வரவில்லை. கழிவுநீர்க் குழாய்க்குப் பக்கத்தில், இருட்டுச் சுவருக்குள் ஓடும் ஒரு கம்பி. வேண்டாததையெல்லாம் தள்ளித் தள்ளி, கடைசியில் அதற்குள் மிஞ்சியது ஒரு கைப்பிடி அளவு நெஞ்சின் ஏற்ற இறக்கம்.

4

கதைக்கு நான் யோசித்த முடிவுகள். (அ) இயக்குநர் பேச்சை நிறுத்தினார். யாரும் நம்பமாட்டீர்கள். (ஆ) எண் 210-லேயே நின்று... கை மறுத்துவிட்டது.

கேபிள்காரருக்கே போன் போட்டேன்.

"அப்புறம் என்ன ஆச்சு?"

"எனக்கு வேற இடத்துல வேலை வந்துருச்சு சார். கிளம்பறேன்னு சொன்னேன், அந்தம்மா திரும்பவே இல்ல. நம்பரையே பாத்துட்டிருந்தாங்க."

ஆக, எனக்கும் தெரியாது. முழுப் படத்தை உங்களுக்கு அனுப்பிவிட்டேன். இனி மாறுவது மட்டும்தான் பாக்கி.

210. 260. 210.

அடுத்த எண்ணை நீங்கள் எழுதுங்கள். கொஞ்சம் சீக்கிரம், அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.