குண்டா ஒரு பை

தாட்சாயினி வாக்கி-டாக்கியில் சொன்னது நாலே சொல்தான். "தூணுகிட்ட குண்டா ஒரு பை." பருத்த பை என்றுதான் அவள் சொன்னாள். பட்டர்வொர்த் படகுத்துறையில் ஃபெரிக்குக் காத்திருந்த வரிசையின் முகப்பில் சக காவலர் முஸ்தஃபாவின் கருவி அதை ஊருக்கே ஒலிபரப்பியது. பக்கத்தில் நின்ற தமிழர்களின் காதில் "குண்டா" மட்டும் வெடிகுண்டாக விழுந்தது. அவர்கள் ஓடினார்கள். அவர்கள் ஓடுவதைப் பார்த்துச் சீனர்களும் மலாய்க்காரர்களும் ஓடினார்கள். நாற்பது நிமிடம் ஃபெரி நகரவில்லை.

பைக்குள் இருந்தது ஒரு பலாப்பழம். சுங்கை பாக்காப்பில் வாங்கிய மனுஷன், வரிசையில் இடம் பிடிக்கப் பையை வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருக்கிறார். நம் ஆட்களுக்கு இது என்றைக்கும் உள்ள பழக்கம்தானே!

மறுநாள் காலை காவல் நிறுவனத்தின் மேலாளர் சிவநேசன் வந்து மேசையில் ஒரு கடிதத்தை வைத்தார். இரண்டே வரி. தவறான சொல்லைப் பயன்படுத்தியதற்கு வருந்துகிறேன் என்பது முதல் வரி. உறுதியாகத் தெரியாமல் இனி எதைப் பற்றியும் அறிவிக்க மாட்டேன் என்பது இரண்டாவது.

"சைன் போடுங்கக்கா. இல்லன்னா அஞ்சு மணிக்கு யூனிஃபார்ம கொடுத்துட்டுப் போயிரலாம்."

"மொத வரிக்குப் போடுறேன் சார். வாய் என்னுது, தப்பும் என்னுது. ரெண்டாவத அடிச்சிருங்க."

"பன்னெண்டு வருசமா இந்த வாசல்ல நிக்கிறீங்க. ஏதாச்சும் நடந்துச்சா? குண்டு வைக்கிறவனுங்கள்ல பாதிப் பேர போலீஸ் புடிச்சிருச்சு. மீதிப் பேருக்கு ஆளும் இல்ல, ஐடியாவும் இல்லலா. நீங்கதான் சும்மா பயந்துக்கிட்டு இருக்கீங்க."

"இருக்கலாம் சார். வரவே நெனைக்கலையோ, வந்து பாத்துட்டுத் திரும்பிப் போனானோ, எனக்குத் தெரியாது. ஒங்களுக்கும் தெரியாது. உறுதியா தெரிஞ்ச பெறகு சொல்றதுக்கு நான் எதுக்கு? அதுவே சத்தம் போட்டுச் சொல்லிருமே!"

பயம் இல்லாமல் இல்லை. நாற்பத்தெட்டு வயதில் வேறு எவன் வேலை கொடுப்பான்? ஆனாலும் பேனாவை எடுத்து இரண்டாம் வரியைத் தானே அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். சிவநேசனுக்கு முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது. கடிதத்தைத் தம் கருப்புப் பையில் திணித்துக்கொண்டார்.

"அஞ்சு மணி," என்றார்.

நாலரைக்கெல்லாம் வேலை முடிந்த கூட்டம் கூடத்தை நிறைத்தது. யூனிஃபார்மை வாங்க வந்த சிவநேசனுக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. கையிலிருந்த கருப்புப் பையை அதே தூணருகில் வைத்துவிட்டு, பேசிக்கொண்டே கடல் பக்கம் நடந்துவிட்டார்.

கரிபாப் பலகாரம் விற்கும் ஹமீதாதான் முதலில் பார்த்தாள். நேற்று கூடையைப் போட்டுவிட்டு ஓடியவள் அவள்.

"யாரு பை இது?"

 பள்ளிச் சீருடையில் நின்ற மலாய்ப் பெண் ஒருத்தி, "பேக் சியாப்பா நி?" என்று உரக்கக் கேட்டாள். சீனக் கிழவர் ஒருவர் தம் மொழியில் அதையே கேட்டார். இன்று யாரும் ஓடவில்லை. விலகி நின்று கேட்டார்கள், கூடம் முழுக்கக் கேட்டது. தாட்சாயினி இன்னும் வாயே திறக்கவில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

சிவநேசன் தலைதெறிக்க ஓடிவந்தார். "என்னுது! என்னுது!"

தாட்சாயினி முன்னால் போய் நின்றாள். "தொறந்து காட்டுங்க சார்."

"அக்கா, என்னையத் தெரியாதா?"

"ஒங்களத் தெரியும். பையத் தெரியாது. இன்னும் பத்து நிமிசம் நான் டூட்டியில இருக்கேன்."

இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் திறந்தார். மேலாகவே அவளுடைய கடிதம் கசங்கிக் கிடந்தது. அடியில் இருந்த குடை வரைக்கும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள்.

"சரி சார், போகலாம்."

ஐந்து மணி ஃபெரியில் சிவநேசன் ஏறிப் போனார். யூனிஃபார்மைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. கேட்டிருந்தாலும் அவள் கொடுத்திருக்க மாட்டாள்.