கசாம்பேக்குப் போன கச்சான்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யலாம் என்றால் கோயிலுக்குக் காரில் போகவேண்டும். கார்ச் சாவி என் மனைவி சுசீலாதேவியிடம் இருக்கிறது. ஆகையால் எனது எழுபத்துநான்கு வயதின் மீதும், மிஞ்சியிருக்கும் ஒன்பது சொந்தப் பற்களின் மீதும் சத்தியம் செய்கிறேன்.

கசாம்பே, ஆபிரிக்காவின் தெற்கே, கடலைக் கண்டிராத ஒரு விவசாய மாவட்டம். சிவப்பு மண். இரண்டு வருடமாக மழை இல்லை. நிலம் பிளந்த வெடிப்புக்குள் ஒரு ஆடு விழுந்து, ஐந்தாம் மாதம் பக்கத்துக் கிராமத்தில் இரண்டு குட்டிகளோடு வெளியே வந்ததாம். இதை எனக்குச் சொன்னவன் யோசேப். கிரின்ஸ்டெட் என்ற டேனிஷ் ஊரின் தொழிற்சாலையில் என்னோடு இருபத்தாறு வருடம் பெட்டி அடுக்கியவன். ஓய்வு பெற்றதும் சும்மா இருக்க முடியாமல், எங்கள் ஊர் உதவிச் சங்கத்தின் சார்பில் கசாம்பேக்குத் தண்ணீர்ப் பம்பு திருத்தப் போனான். அங்கிருந்து கிழமைக்கு ஒரு தடவை, தன் சொந்த நம்பரிலிருந்து எனக்குக் குரல் செய்தி அனுப்புவான்.

ஆடி மாதம் வந்த செய்தி இது:

"அண்ணை, இஞ்ச நிலமை சரியில்லை. கிணறும் வத்திப்போச்சு, கச்சானும் இல்லாமல் போச்சு. காத்திகை மழைக்கு முன்னம் கச்சான் வராட்டி இந்த நாப்பத்திமூண்டு குடும்பமும் தப்பாது. ஸ்ரிபனிட்டைச் சொல்லுங்கோ."

ஸ்ரிபன் எங்கள் சங்கத்தின் தலைவர். மாடுகளை விற்றுவிட்டு ஓய்ந்திருக்கும் டேனிஷ் விவசாயி. சங்கம் வருடத்துக்கு ஒரு கொள்கலன் அனுப்பும். அதில் என்ன போகவேண்டும் என்பதை 'மாவட்ட விபரம்' என்ற நான்கு பக்கத் தாளை வாசித்துத்தான் முடிவு செய்வார்கள். யோசேப்புக்கு டேனிஷ் பேச வரும், எழுத வராது. எழுதும் பொறுப்பு என் தலையில்.

நான் கடற்கரைக்காரன். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் சொல்லி வளர்ந்தவன். கச்சான் என்றால் மேல்காற்று, மேற்கிலிருந்து அடிப்பது. கிணறு வற்றியது, காற்றும் நின்றது, பம்பு இழுக்கவில்லை. எனக்கு எல்லாம் விளங்கியது. 'மாவட்டத்தின் முக்கிய தேவை' என்ற கட்டத்தில், 'காற்று' என்று டேனிஷில் எழுதினேன்.

கூட்டத்தில் அதை வாசித்த ஸ்ரிபன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காற்றா? அது எங்களிடம் இருக்கிறது" என்றார், கடவுள் அதைத் தன் கையில்தான் ஒப்படைத்திருக்கிறார் என்பதுபோல. மெல்லிய காற்றிலும் சுற்றும் ஒரு பம்புக் காற்றாடி அனுப்புவதென்று, கேக் வெட்டுவதற்குள் தீர்மானமாயிற்று. ஹோர்சன்ஸ் நகரில் இருக்கும் சுந்தர் படம் வரைந்து கொடுத்தான். கோயம்புத்தூர்ப் பிள்ளை, காற்றாலைப் பொறியியலாளன், கெட்டிக்காரன்.

கொள்கலன் ஆவணிக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை பூட்டப்பட இருந்தது. அதற்கு முந்திய ஞாயிறு, யோசேப்பின் அந்தக் கிழமைச் செய்தி வந்தது. நான் குசினியில் இருந்து அதைப் போட்டுக் கேட்டேன்.

"அண்ணை, கச்சான் ஏத்தியாச்சே? இஞ்ச ஊருக்கு மூத்த மெர்சி அம்மாவும் பொம்பிளையளும் அதுக்குச் சாக்குத் தைச்சு வைச்சிருக்கினம்."

சுசீலாதேவி வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினாள்.

"என்னப்பா, காத்துக்கு என்னத்துக்குச் சாக்கு?"

நான் செய்தியைத் திரும்பப் போட்டேன்.

"உவர் கேட்டது தின்னுற கச்சான். விதைக் கச்சான். ஊதுற கச்சான் இல்லை. நாப்பது வருசம் என்னோட இருந்தும் உங்களுக்குக் காத்துத்தான் ஞாபகம்."

யோசேப் வன்னியில் தோட்டம் செய்தவன். அவனுக்குக் கச்சான் என்றால் நிலக்கடலை. பசியில் சனம் விதைக்கு வைத்ததையும் அவித்துத் தின்றிருக்கிறது. மழை விழும் நாளில் போட விதை இல்லை. நான் அனுப்புவதோ காற்றாடி.

சுந்தருக்குப் போன் எடுத்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"அங்கிள், வேர்க்கடலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே."

"எங்கட ஊரில அப்பிடிச் சொல்லுறேல்லைத் தம்பி."

ஸ்ரிபனிடம் போனேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. சுங்கப் பட்டியலுக்கு முத்திரை விழுந்துவிட்டது, மாற்றினால் ஆறு கிழமை பிந்தும், அதற்குள் மழை வந்து போய்விடும் என்றார். பிறகு எனக்கு ஒரு கோப்பி ஊற்றி, தனக்கு ஊற்ற மறந்துபோய் இருந்தார்.

ஆகையால் நானும் சுசீலாதேவியும் சுந்தரும் களவு செய்தோம். காற்றாடியின் கோபுரம் நாலு குழாய், உள்ளே வெறுமை. கண்ணில் பட்ட தமிழ்க்கடைகளுக்கெல்லாம் ஏறி இறங்கினோம். பாதிக் கடையில் இருந்தது உப்பும் மிளகாயும் போட்டு வறுத்தது. வறுத்தது முளைக்காது. பவளராணியின் கடையில்தான் பச்சைக் கச்சான் மூட்டையாக இருந்தது.

"ஆருக்கு அண்ணை கலியாணம்?"

"நாப்பத்திமூண்டு குடும்பத்துக்கு" என்றேன்.

பத்துக் கச்சான் மணியை ஈரத் துணியில் சுற்றி, சுசீலாதேவி ரைஸ் குக்கருக்குப் பக்கத்தில் வைத்தாள். புதன்கிழமை விரித்தபோது ஏழு முளை விட்டிருந்தது. அன்று பின்னேரமே நாலு குழாய்க்குள்ளும் நானூற்று இருபது கிலோ இறக்கினோம். சுந்தர் குழாய் வாயை மூடி இறுக்கினான்.

"கஸ்டம்ஸ்ல திறந்து பாத்தா என்ன அங்கிள் சொல்றது?"

"குழாய் கிலுங்காமல் இருக்கப் போட்டதெண்டு சொல்லும்."

"அப்ப கடலை கிலுங்காதா?"



ஐப்பசி முழுக்க ஒரு செய்தியும் வரவில்லை. சுசீலாதேவி என்னோடு கதைப்பதைக் குறைத்து, போனோடு கதைக்கத் தொடங்கினாள்: "சொல்லு ராசா, வந்ததோ?" நான் கசாம்பேயின் வானிலையைப் பார்த்துவிட்டுத்தான் பல் தீட்டினேன். ஒன்பது பல்லுக்கு அதிக நேரம் எடுக்காது. மீதி நேரமும் மேகத்தைத்தான் பார்த்தேன்.

கார்த்திகை கடைசியில் யோசேப்பின் குரல் வந்தது. அது சோர்ந்து, உமியைப்போல இருந்தது.

"அண்ணை, வந்திட்டுது. குழாயைச் சரிக்கக் கச்சான் கொட்டினதைப் பாத்துச் சனம் அழுதிட்டுது. ஒரு நாள் மழை பெஞ்சது. விதைச்சம். முளைச்சது. அதோட மழை நிண்டிட்டுது. பத்தொன்பது நாள். இப்ப மேக்காலை அனல் காத்து அடிக்குது. காத்தாடி நல்லாத்தான் சுத்துது, கிணத்தில தண்ணி இல்லை. முளையெல்லாம் கருகுது. ரெண்டு கச்சானும் வந்திட்டுது அண்ணை. ஒண்டை மற்றது தின்னுது."

சுசீலாதேவி அடுப்பை நிற்பாட்டினாள்.

"மெர்சி அம்மா ஒரு சாக்கை விதைக்க விடேல்லை. அதுக்கு மேல ஏறி இருக்கிறா. பிள்ளையள் பசியெண்டு அழுதாலும் எழும்பிறா இல்லை. அடுத்த மழைக்கு இது கிடக்கட்டும் எண்டுறா. நானும் பக்கத்தில இருக்கிறன். இண்டைக்கு நாலாம் நாள்."

அதன் பிறகு செய்தி எதுவும் இல்லை. நான் இன்றும் காலையில் எழுந்ததும் முதலில் அந்த வானத்தைத்தான் பார்க்கிறேன்.

யோசேப் தன் கைத்தொலைபேசியை, விமானம் ஏறிய அன்றே என் காரில் மறந்துவிட்டுப் போயிருந்தான். அன்றிலிருந்து அது, அந்த நம்பரோடு, என் மேசை லாச்சிக்குள்தான் பூட்டிக் கிடக்கிறது.