வாய் கட்டிய செம்பு

இந்த மனிதருக்கு இப்போது ஒன்றும் ஆகிவிடக் கூடாது. மாதாவே, ஆற்று மணல் வரைக்குமாவது அவர் காலுக்குத் தெம்பு கொடு.

செபமாலை உருட்டியபடி பிலோமினாள் இதைத்தான் வேண்டிக்கொண்டு நடந்தாள். உதடுகள் மாதாவுக்கான பிரியதத்த மந்திரத்தைச் சொல்லின. கண்கள் முன்னால் நடந்த மைக்கேல்ராஜ் உபதேசியாரின் வெடித்த குதிகால்களை விட்டு அகலவில்லை.

பரவையிலிருந்து முந்தின நாள் விடியலில் புறப்பட்ட கூட்டம். மே மாதம்தோறும் வைகைக்கு அக்கரையில் இருக்கும் மாதா கோவிலுக்கு நடந்தே போவார்கள். இளைப்பாறும் இடங்களில் ஒருவர் எழுந்து சர்வேசுரன் தமக்குச் செய்த உபகாரத்தைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் கிணற்றுத் தண்ணீரைச் செம்பில் மொண்டு, வாயைத் துணியால் கட்டி எடுத்து வருவார்கள். வழியில் அதைத் தொடக் கூடாது. ஆற்றங்கரையில், தவறு செய்தவர் கை ஏந்துவார். நோகடிக்கப்பட்டவர் அந்தக் கையில் தண்ணீர் ஊற்றினால் பொறுத்தாயிற்று. கை ஏந்தியும் தண்ணீர் கிடைக்காதவர் கோவிலுக்குள் போகக் கூடாது. வேலிக்கு வெளியே புளியமரத்தடியில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டும்.

ஒன்பது வருஷமாக அவள் செம்பு கட்டு அவிழாமலே வீடு திரும்பியிருக்கிறது. உபதேசியார் ஒரு தடவைகூட அவள் முன்னால் கை ஏந்தியதில்லை.

கடைசியாகத் தங்கிய தோப்பில் ஒச்சாயி எழுந்தாள். ஞானஸ்நானத்தில் அவளுக்கு வேறு பெயர் வைத்தார்கள். அது அவளுக்கே நினைவில்லை.

"எங்க செவலப்பசு கெணத்துல விழுந்துருச்சு. நான் போட்ட கூப்பாட்டுல மாதா வந்தாகளோ என்னவோ, ஊரு பூராம் வந்துருச்சு."

கூட்டம் சிரித்தது.

"சிரிக்காதீக. அம்புட்டுப் பேரையும் கூட்டியாந்தது ஆராம்?"

அடுத்து பிலோமினாளைப் பார்த்தார்கள். அவள் எழுந்து முக்காட்டைச் சரிசெய்தாள்.

"சர்வேசுரன் நம்ம உபதேசியாருக்கு நல்ல ஆயுசு குடுத்திருக்காரு. அதுக்குத்தான் வருசா வருசம் தோத்திரம் சொல்லுறேன்."

என்ன நல்ல மனசு என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். உபதேசியார் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

பூசை வைக்கும் சுவாமியார் மாதம் ஒரு முறைதான் பரவைக்கு வருவார். மற்ற நாளெல்லாம் உபதேசியார் வைத்ததுதான் சட்டம். அவள் மகன் பிறந்த மூன்றாம் நாள் மூச்சுக்குத் தவித்தான். ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்லி, அவனியாபுரத்தில் கல்யாண விருந்துக்குப் போயிருந்த உபதேசியாருக்கு ஆள் அனுப்பினார்கள். போன ஆள் மறுமொழியோடு மட்டும் திரும்பி வந்தான்: "பொழுது சாய வாரேன். அதுக்குள்ள ஆரும் தண்ணிய ஊத்திப்பிடாதீக. பொம்பள கையில ஊத்துனா செல்லாது."

அவள் காத்திருந்தாள். கைக்கு எட்டும் தூரத்தில் பானை நிறையத் தண்ணீர் இருந்தது. உபதேசியார் மறுநாள் காலையில்தான் வந்தார். வந்து, குளிர்ந்து கிடந்த பிள்ளையைப் பார்த்துவிட்டு, ஞானஸ்நானம் இல்லாதது கல்லறைத் தோட்டத்துக்குள் வரக் கூடாது என்றார். வேலிக்கு வெளியே, கள்ளிப் புதரோரம், இடத்தையும் விரலால் காட்டினார்.

நாலு வருஷம் கழித்துத் தையல் சொல்லித்தர வந்த கன்னியாஸ்திரி, பேச்சுவாக்கில் சொன்னாள்: ஆபத்தில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றலாம், பெற்றவளே ஊற்றலாம். பிலோமினாளின் விரலில் ஊசி ஏறியது. அவள் அதைப் பிடுங்கவில்லை.

அன்றிலிருந்து அவள் வேறொரு வேண்டுதலைத் தொடங்கினாள்: உபதேசியார் நெடுநாள் இருந்து, தான் பட்டதை அவரும் பட வேண்டும். உபதேசியாரின் மகள் சகாயமேரிக்கு முதல் பிள்ளை தங்காதபோது முழங்காலில் நின்று நன்றி சொன்னாள். சொல்லி முடித்ததும், வேறு யாருடையவையோ போலத் தன் முழங்கால்களைத் தடவிப் பார்த்தாள். இரண்டாவதும் போனபோது நன்றி சொல்லவில்லை. அழுகையும் வரவில்லை. தனக்குள் என்ன குடியேறியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அதை விரட்ட மனமில்லை.

மணல் காலைச் சுட்டது. அக்கரையில் மணி அடித்தது. ஆங்காங்கே செம்புகள் அவிழ்ந்தன. சிலர் அழுதார்கள், ஓரகத்திகள் இருவர் கட்டிக்கொண்டார்கள். ஏழு மாத வயிற்றோடு சகாயமேரி மூச்சு வாங்கியபடி நின்றாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு உபதேசியார் பிலோமினாள் முன்னால் வந்தார். மணலில் மண்டியிட்டு இரண்டு கைகளையும் குவித்தார்.

"பொறுத்துக்கத்தா. எனக்காக இல்ல. இவ வயித்துல கெடக்குறதுக்காக."

இப்போதும் ஒரு பிள்ளையின் பின்னால் ஒளிந்துகொண்டுதான் கேட்கிறார் என்று அவள் நினைத்தாள்.

செம்பின் கட்டை அவிழ்த்தாள். உபதேசியாரின் கண்கள் கலங்கின. 

"நீ ஏந்து, தாயி," என்றாள் சகாயமேரியிடம்.

"நானா அத்தே? நான் என்ன..."

"நீ எனக்கு ஒண்ணும் செய்யல. தாகத்துக்குக் குடி."

அந்தக் கைகள் நிரம்பி வழிய ஊற்றினாள். அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "புள்ள பெறந்து மூச்சுக்குத் தெணறுச்சுன்னா ஆருக்கும் காத்திருக்காத. நீயே தண்ணிய ஊத்து, நீயே மந்திரத்தச் சொல்லு."

"பொம்பள ஊத்துனா செல்லுமாக்கா?" என்றாள் ஒச்சாயி.

"செல்லும். உபதேசியாரையே கேளு."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.  அவர் நிமிரவில்லை. குவித்த கைகள் மட்டும் அப்படியே நீண்டிருந்தன.

செம்பில் இன்னும் பாதித் தண்ணீர் இருந்தது. பிலோமினாள் துணியை உதறி, செம்பின் வாயில் மறுபடியும் சுற்றினாள். முடிச்சை நிதானமாகப் போட்டாள்.

"பிலோமி..." என்றார் அவர்.

"வெயில் ஏறுது, உபதேசியாரே. அந்தப் புளியமரத்தடியில நல்ல நெழலு இருக்கு."